புகையாகப் போகும் டீசல்: ஆயில் எஞ்சின் நாசிலைக் கவனியுங்கள்

புதுச்சேரி வட்டாரத்தில் பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு பகுதிகளில் பாசனத்துக்கு இன்று பெரும்பாலும் மின்சார மோட்டார்களே ஓடுகின்றன. ஆனாலும் ஆயில் எஞ்சினுக்கு வேலை போய்விடவில்லை. வாய்க்காலிலும் குட்டையிலும் இருந்து தண்ணீர் இறைக்கவும், ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூழ்கிய நடவு வயலிலிருந்து தண்ணீரை வெளியேற்றவும் அது தேவைப்படுகிறது. பவர் டில்லர், டிராக்டர், அறுவடை இயந்திரம் ஆகியவையும் டீசலில்தான் ஓடுகின்றன.

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்து பல கிராமங்கள் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தன. 2024 நவம்பர் 30ஆம் தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழை கொட்டியது. இப்படிப்பட்ட சமயங்களில் கொட்டகையில் சும்மா கிடந்த எஞ்சினைத்தான் தேடிப்போக வேண்டியிருக்கிறது. அன்று அது ஒழுங்காக ஓடுமா, கரும்புகையைக் கக்கிக்கொண்டு திணறுமா என்பது கோடையிலேயே நாம் செய்து வைத்த பராமரிப்பைப் பொறுத்தது.

எஞ்சின் புகைத்தால் பலரும் சைலன்சரைத் தட்டிப் பார்க்கிறார்கள். அல்லது எஞ்சின் பழசாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். புகை வெளியே வரும் இடம் சைலன்சர். அது உண்டாகும் இடமோ பெரும்பாலும் டீசலைப் பீய்ச்சும் நாசிலும், அதற்கு டீசலைத் தள்ளும் டீசல் பம்பும்தான். இந்த இரண்டையும் சீராக வைத்துக்கொண்டால் புகை குறையும். டீசல் செலவும் குறையும். எஞ்சினும் நெடுநாள் உழைக்கும்.

அரைத் துளியின் வேலை

டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினைப் போல் தீப்பொறி பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்றைப் பிஸ்டன் பதினாறு, பதினேழு மடங்கு நெருக்குகிறது. அப்போது காற்று 500 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேல் சூடாகிறது. அந்த நேரம் பார்த்து டீசலைப் பீய்ச்சினால் அது தானாகவே பற்றிக்கொள்கிறது.

நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் 5 குதிரைச் சக்தி எஞ்சினை எடுத்துக்கொள்வோம். முழுப் பாரத்தில் இது மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமாக டீசல் குடிக்கும். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வீதம் நிமிடத்துக்கு 750 முறை, மணிக்கு 45,000 முறை டீசல் பீய்ச்சப்படுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு தடவைக்கு ஏறத்தாழ அரைத் துளி டீசல்தான் உள்ளே போகிறது. அதுவும் ஒரு நொடியை 500 பங்கு போட்டால் ஒரு பங்கு நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.

அந்த அரைத் துளி நீர்த்தாரை போல் விழுந்தால் முழுவதும் எரியாது. பனி மூட்டம் போல் நுண்ணிய திவலைகளாகச் சிதறினால்தான் ஒவ்வொரு திவலையையும் காற்று சூழ்ந்துகொண்டு எரிக்கும். நெருப்பில் பெரிய மரக்கட்டையைப் போட்டால் புகையும். அதையே சிராய்களாகப் பிளந்து போட்டால் கொழுந்துவிட்டு எரியும். டீசலுக்கும் இதே நியாயம்தான். காற்று கிடைக்காத டீசல் கரியாக மாறிக் கரும்புகையாக வெளியேறுகிறது.

இதற்காகவே டீசல் பம்பு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 200 கிலோ அழுத்தத்தை உண்டாக்குகிறது. தமிழகத்தில் பரவலாகப் புழங்கும் ஒருவகை ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் நாசிலில் மூன்று துளைகள் உண்டு. ஒவ்வொன்றின் அகலமும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் மூன்று பங்கு. பம்பின் பிளஞ்சருக்கும் அது ஓடும் பாரலுக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாக வகுத்தால் இரண்டு அல்லது மூன்று பங்கு மட்டுமே. கண்ணுக்குத் தெரியாத மணல் தூசி கூட அதைக் கீறிவிடும்.

ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1897இல் தம் எஞ்சினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டியபோது இப்படிப்பட்ட பம்பு இல்லை. எண்ணெயை உள்ளே ஊதித் தள்ளத் தனியாகக் காற்று அமுக்கும் இயந்திரம் வேண்டியிருந்தது. அதனால் எஞ்சின் பெரிதாகவும் கனமாகவும் இருந்தது. ராபர்ட் போஷ் 1922இல் டீசல் பம்பு முயற்சியைத் தொடங்கி 1927இல் உற்பத்திக்குக் கொண்டுவந்த பிறகே, வயல்வெளிக்கு ஏற்ற சிறிய எஞ்சின்கள் பரவ வழி பிறந்தது. 1951இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட மைக்கோ நிறுவனத்தின் பெயரை நம் விவசாயிகள் நன்கு அறிவார்கள். 2008 முதல் அந்த நிறுவனத்தின் பெயர் போஷ். இன்றும் நாசில் என்றால் மைக்கோ என்று சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு.

மூன்றும் சரியாக இருக்க வேண்டும்

டீசல் பீய்ச்சுவதில் அழுத்தம், நேரம், அளவு ஆகிய மூன்றையும் கவனிக்க வேண்டும்.

அழுத்தம்: நாசிலின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் குறைந்த அழுத்தத்திலேயே நாசில் திறந்துகொள்ளும். டீசல் சரியாகச் சிதறாமல் பெருந்துளியாக விழும். அதற்காக அழுத்தத்தை ஒரேயடியாகக் கூட்டுவதும் சரியல்ல. திவலை அளவுக்கு மீறி நுண்மையானால் தூரம் போகாமல் நாசில் முனையருகிலேயே தங்கிவிடும். தயாரிப்பாளர் சொல்லியிருக்கும் அளவே சரியான அளவு.

நேரம்: பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே டீசல் பீய்ச்சப்பட வேண்டும். மேலே சொன்ன வகை எஞ்சின் ஒன்றுக்கு இது உச்சிக்கு 23 டிகிரி முன்னதாக அமைந்திருக்கிறது. தாமதமானால் டீசல் எரிந்து முடிவதற்குள் வெளியேறும் வால்வு திறந்துவிடும். புகையும் சூடும் அதிகரிக்கும், இழுவை குறையும். மிகவும் முன்னதாகப் பீய்ச்சினால் டக்டக்கென்று தட்டும் ஓசை கேட்கும். பேரிங்கும் பிஸ்டனும் அடிபடும்.

நேரத்தை முன்னே தள்ளினால் கரும்புகை குறையக் கூடும். ஆனால் சிலிண்டருக்குள் சூடு ஏறி, காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு என்னும் நச்சு வாயுவை அதிகமாக உண்டாக்கும். இது கரும்புகையைப் போல் கண்ணில் படாது, நுரையீரலைக் கெடுக்கும். வெயிலில் இது ஓசோன் உண்டாகவும் காரணமாகிறது. தரையருகே சேரும் ஓசோன் பயிர் இலையைப் பாதித்து விளைச்சலைக் குறைக்கும். ஆகவே புகை தெரியவில்லை என்பதற்காக நேரத்தை இஷ்டம்போல் மாற்றக் கூடாது.

அளவு: பாரத்துக்கு ஏற்றபடி டீசலைக் கூட்டிக் குறைப்பது கவர்னரின் வேலை. உச்ச அளவுக்கு ஒரு தடுப்புத் திருகு உண்டு. இழுவை போதவில்லை என்று இதை அவிழ்த்துக் கூட்டி வைக்கிறார்கள் சிலர். காற்றின் அளவு கூடாமல் டீசல் மட்டும் கூடினால் மிச்ச டீசல் கரும்புகையாகத்தான் போகும்.

புகையின் நிறம் சொல்லும் சேதி

மெக்கானிக்கை அழைக்கும் முன் புகையின் நிறத்தை நீங்களே கவனித்து வையுங்கள். தேவையில்லாத சாமான் வாங்கும் செலவு மிச்சமாகும்.

கரும்புகை: டீசல் அதிகம் அல்லது காற்று போதவில்லை. முதலில் ஏர் கிளீனரைப் பாருங்கள். செலவில்லாத வேலை அது. பிறகு பாரத்தைப் பாருங்கள். புட் வால்வு அடைத்திருந்தாலும், எஞ்சினுக்கு மிஞ்சிய பெரிய தண்ணீர் பம்பை மாட்டியிருந்தாலும் எஞ்சின் மூச்சு முட்டிக் கரும்புகை விடும். இவை சரியாக இருந்தும் புகை நிற்கவில்லை என்றால் நாசிலையும், டீசல் பீய்ச்சும் நேரத்தையும் சந்தேகிக்க வேண்டும்.

வெண்புகை: எரியாத டீசல் ஆவியாக வருகிறது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது சிறிது நேரம் வந்தால் தவறில்லை. சூடேறிய பிறகும் நீடித்தால் டீசலில் தண்ணீர் கலந்திருக்கலாம், நேரம் தாமதமாகியிருக்கலாம், காற்று நெருக்கம் குறைந்திருக்கலாம்.

நீலப்புகை: மசகு எண்ணெய் எரிகிறது. பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கும். இதற்கு நாசிலை மாற்றிப் பயன் இல்லை.

ஒழுகும் நாசிலால் இன்னொரு கேடும் உண்டு. எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் இறங்கி மசகு எண்ணெயில் கலந்துவிடும். எண்ணெய் அளவு காட்டும் கம்பியில் எண்ணெய் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தால், அல்லது டீசல் வாடை அடித்தால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். நீர்த்துப்போன எண்ணெயில் ஓடினால் பேரிங் பிடித்துக்கொள்ளும். நாசில் செலவோடு முடிய வேண்டியது எஞ்சின் செலவாகிவிடும்.

விவசாயியே செய்யக் கூடியவை

1. டீசலைச் சுத்தமான கேனில் வாங்கி, நுண்ணிய வலை வைத்த புனல் வழியாக ஊற்றவும். கேனின் அடியில் தங்கிய கசண்டை டாங்கில் கவிழ்க்க வேண்டாம்.

2. தண்ணீர் டீசலைவிடக் கனம் அதிகம். ஆகவே அடியில் தங்கும். காலையில் கிளப்பும் முன் டாங்கின் அடித் திருகைத் திறந்து தண்ணீரையும் மண்டியையும் வடிக்கவும். மாலையில் டாங்கை நிரப்பி வைத்தால் உள்ளே ஈரம் படிவது குறையும்.

3. டீசல் பில்டரைக் கைப்புத்தகத்தில் சொன்ன மணிக்கணக்கில் மாற்றவும். காகித பில்டரைப் பெட்ரோலில் கழுவி மீண்டும் போடுவது வீண். மாற்றிய பின் குழாயில் நுழைந்த காற்றைத் திருகுகள் வழியாக முழுவதும் வெளியேற்ற வேண்டும்.

4. டீசல் சொட்டும் இணைப்புகளை அன்றே இறுக்கவும். நொடிக்கு ஒரு துளி சொட்டினால் மணிக்கு சுமார் 180 மில்லி வீணாகிறது. பத்து மணி நேரத்தில் கிட்டத்தட்ட இரண்டு லிட்டர்.

5. மழைக்காலத்துக்கென்று வைத்திருக்கும் எஞ்சினை மாதம் ஒரு முறையாவது கால் மணி நேரம் ஓட்டவும். ஓட்டாமல் விட்டால் டீசலில் உள்ள ஈரத்தால் ஊசியும் பிளஞ்சரும் துருப்பிடித்து இறுகிவிடும். புயல் அன்று கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தோள் வலிக்குமே தவிர எஞ்சின் கிளம்பாது.

பட்டறையில் கேட்டு வாங்க வேண்டியவை

பொதுவாகச் சுமார் 500 மணி ஓட்டத்துக்கு ஒரு முறை நாசிலைக் கழற்றிச் சோதிக்கச் சொல்லலாம். கைப்புத்தகத்தில் வேறு கணக்கு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். சோதனைக் கருவி வைத்திருக்கும் டீசல் பம்பு பட்டறையில் இதைச் செய்வார்கள். அருகில் நின்று கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

கருவியின் கைப்பிடியை அழுத்தும்போது மீட்டர் முள் எந்த அழுத்தத்தில் நாசில் திறக்கிறது என்று காட்டும். அது உங்கள் எஞ்சினுக்கு உரிய அளவா என்று பாருங்கள். எல்லாத் துளைகளிலிருந்தும் ஒரே மாதிரி மூட்டமாக டீசல் வர வேண்டும். ஒரு துளையில் மட்டும் கோடு போல் வந்தால் நாசில் சரியில்லை. திறக்கும் அழுத்தத்துக்கு 20 கிலோ குறைவாக நிறுத்தி பத்து நொடி வைத்திருந்தால் முனையில் ஒரு துளியும் விழக் கூடாது.

கழுவிய ஊசியைச் சுத்தமான டீசலில் நனைத்து, உறையில் மூன்றில் ஒரு பங்கு வெளியே இழுத்து விட்டால் தன் கனத்தாலேயே இறங்க வேண்டும். ஊசியும் உறையும் ஒன்றுக்கொன்று இழைத்த ஜோடி. ஒரு நாசிலின் ஊசியை மற்றதில் போடக் கூடாது. கரியை நீக்கப் பித்தளைக் கம்பி பிரஷ்ஷும் மரக் குச்சியும் போதும். உப்புத்தாளால் தேய்த்தால் நாசில் கெட்டது என்றே அர்த்தம்.

நாசிலைத் திரும்பப் பூட்டும்போது செம்பு வாஷரைக் கவனிக்க வேண்டும். பழைய வாஷர் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்க, மேலே புதிதாக ஒன்று போட்டுவிடுவது உண்டு. அப்போது நாசில் முனை மேலே ஏறிவிடும். டீசல் காற்றுக்குள் போகாமல் ஹெட்டின் சுவரில் அடிக்கும். புது நாசில் போட்டும் புகை நிற்கவில்லை என்பதற்கு இது ஒரு காரணம். அதேபோல் டீசல் பம்பைக் கழற்றினால் அதன் அடியிலுள்ள ஷிம் தகடுகளை எண்ணி வைத்து அத்தனையையும் திரும்பப் போட வேண்டும். தகடு கூடினாலும் குறைந்தாலும் பீய்ச்சும் நேரம் மாறிவிடும்.

கை நீட்டாதீர்கள்

இது உயிர் சம்பந்தப்பட்ட எச்சரிக்கை. நாசிலை வெளியே மாட்டி டீசல் பீய்ச்சுவதைப் பார்க்கும்போது எக்காரணத்தைக் கொண்டும் கையையோ விரலையோ முன்னால் காட்டக் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போல் சிறு புள்ளிதான் தெரியும். உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க நேரிடலாம். அப்படி நேர்ந்தால் வலி இல்லை என்று இருந்துவிடாமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குச் சென்று, டீசல் பாய்ந்தது என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். அந்த மூட்டம் எளிதில் தீப்பிடிக்கும். சூடான சைலன்சர், பீடி, விளக்கு அருகில் வேண்டாம்.

புது டிராக்டர்களுக்கு வேறு விதி

50 குதிரைச் சக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் டிரெம் 4 என்னும் புகைக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்துள்ளது. இவற்றில் பெரும்பாலும் காமன் ரெயில் என்ற முறை இருக்கிறது. ஒரு பொதுக் குழாயில் டீசல் ஆயிரம் கிலோவையும் தாண்டிய அழுத்தத்தில் காத்திருக்கும். எப்போது, எவ்வளவு பீய்ச்சுவது என்பதை மின்னணுப் பெட்டி தீர்மானிக்கும். முதலில் சிறிதளவு, பிறகு மீதம் என்று பிரித்துப் பீய்ச்சவும் முடியும். அதனால் கரும்புகை, நைட்ரஜன் ஆக்சைடு இரண்டையும் ஒருசேரக் குறைக்க வழி ஏற்படுகிறது. இத்தகைய எஞ்சினில் பிரஷர் பைப்பு நட்டைத் தளர்த்திப் பார்க்கும் பழைய வழக்கம் கூடவே கூடாது. பயிற்சி பெற்றவர்களே கை வைக்க வேண்டும்.

டீசலும் மாறியிருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் பத்து லட்சத்தில் பத்து பங்கு கந்தகம் மட்டுமே உள்ள டீசல் விற்கப்படுகிறது. இந்த நல்ல டீசலில் மண்ணெண்ணெய் கலப்பது அறியாமை. மண்ணெண்ணெய்க்கு வழுவழுப்பு குறைவு. டீசல் பம்பின் பிளஞ்சருக்கு மசகு எண்ணெய் அந்த டீசலேதான் என்பதை மறக்கக் கூடாது.

கடலை எண்ணெயில் ஓடாதா என்று கேட்பவர்களும் உண்டு. ஓடியிருக்கிறது. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் பிரெஞ்சு அரசின் விருப்பப்படி ஒரு சிறிய டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து மார்சேய் நகருக்கு மணிலாக் கொட்டை கப்பலேறிய காலம் அது. ஆனால் தாவர எண்ணெய் டீசலைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு கெட்டியானது. அப்படியே ஊற்றினால் சரியாகச் சிதறாது; சில நாளில் நாசில் முனையில் கரி கட்டிவிடும். ரசாயன முறையில் பதப்படுத்தி நீர்க்கச் செய்த பயோடீசலே இதற்கு ஏற்றது.

கணக்குப் பாருங்கள்

5 குதிரைச் சக்தி எஞ்சின் மணிக்கு 1.1 லிட்டர் வீதம் ஆண்டுக்கு 400 மணி ஓடுவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 440 லிட்டர். நாசில் கோளாறால் பத்தில் ஒரு பங்கு வீணானால் 44 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்றால் 3,960 ரூபாய். பவர் டில்லரை வாடகைக்கு ஓட்டுபவர்களுக்கு மணிக்கணக்கு அதிகம். இழப்பும் அதற்கேற்பக் கூடும். மேலும் ஒவ்வொரு லிட்டர் டீசல் எரியும்போதும் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு காற்றில் சேர்கிறது.

பணத்தைவிடப் பெரிய விஷயம் உடல்நலம். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012ஆம் ஆண்டு டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அறிவித்தது. எஞ்சின் அருகே மணிக்கணக்கில் நிற்பவர் விவசாயியும் அவர் குடும்பத்தாரும்தான். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட்டக் கூடாது. புகைக் குழாயைக் கூரைக்கு வெளியே, காற்று வீசும் திசை பார்த்து நீட்டி வைக்க வேண்டும். குழந்தைகளை அங்கே விளையாட விடக் கூடாது.

பட்டறைக்குப் போகும்போது எஞ்சினின் கைப்புத்தகத்தை எடுத்துச் செல்லுங்கள். நாசில் திறக்கும் அழுத்தம், பீய்ச்சும் நேரம், நாசில் எண் ஆகிய மூன்றையும் கொட்டகைச் சுவரில் பெயிண்டால் எழுதி வையுங்கள். கடைசியாக நாசில் சோதித்த தேதியையும் பக்கத்தில் குறித்து வந்தால் அடுத்த சோதனை எப்போது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆவணி மாதத்துக்குள் இந்த வேலையை முடித்து வைத்தவருக்கு ஐப்பசி மழையில் எஞ்சின் கைகொடுக்கும்.